மலைக்கு அந்தப் பக்கம் 2,000... இந்தப் பக்கம் 1,200: கம்பம் பள்ளத்தாக்கு முதியவர்களுக்கு என்னதான் கிடைக்கிறது?

குமுளியில் தமிழ்நாட்டுப் பேருந்து நிற்கும் இடத்தில் இருந்து கேரள எல்லை சில நிமிட நடைதான். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு ஏழை மூதாட்டிக்கு 2025 நவம்பரில் இருந்து மாதம் 2,000 ரூபாய் ஓய்வூதியம். இந்தப் பக்கம், மலை இறங்கி கூடலூரிலோ கம்பத்திலோ இருக்கும் அதே வயது மூதாட்டிக்கு 2023 ஆகஸ்ட்டில் உயர்த்தப்பட்ட 1,200 ரூபாய்.

இருவரும் ஒரே ஏலக்காய்த் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்துச் செடியில் காய் எடுத்தவர்களாகக்கூட இருக்கலாம். ஏன் இந்த வித்தியாசம்? பணத்தைத் தாண்டி முதியவர்களுக்கு தேனி மாவட்டத்தில் வேறு என்ன வசதி இருக்கிறது? எது கையில் வந்து சேர்கிறது, எது பாதி வழியில் நின்றுவிடுகிறது?

1,200 ரூபாயில் யார் பங்கு எவ்வளவு?

கிராமத்தில் இதற்கு 'ஓ.ஏ.பி. பணம்' என்றுதான் பெயர். தமிழ்நாட்டில் 1962-ல் மாதம் 20 ரூபாயோடு தொடங்கிய திட்டம் இது. மத்திய அரசு இதற்குள் வந்தது 1995-ல்தான்.

இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரை உள்ளவருக்கு மத்திய அரசு கொடுப்பது மாதம் 200 ரூபாய். 80 வயதைத் தொட்டால் 500. மீதி முழுக்க மாநில அரசின் காசு. அந்த 200 ரூபாய் பல ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது. அரிசி விலை, மாத்திரை விலை, பஸ் டிக்கெட் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. இதை உயர்த்தச் சொல்லி நாடாளுமன்ற நிலைக்குழுக்கள் திரும்பத் திரும்பப் பரிந்துரைத்தும் மாறவில்லை.

ஆக, ஒரு மாநிலம் எவ்வளவு கொடுக்கிறது என்பது அந்த மாநில அரசு என்ன முடிவெடுக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆந்திராவில் 2024 ஜூலையில் இருந்து மாதம் 4,000 ரூபாய். கேரளாவில் 1,600 ஆக இருந்தது 2025 நவம்பரில் 2,000 ஆனது. அதற்காக கேரளாவில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். 2023-ல் அங்கே பல மாத ஓய்வூதியம் பாக்கி விழுந்தது. அந்த நவம்பரில் இதே இடுக்கி மாவட்டத்தின் அடிமாலியில் வயதான இரண்டு பெண்கள் சட்டி ஏந்தி தெருவில் பிச்சை கேட்டுப் போராடியது நாடு முழுக்கச் செய்தியானது. தொகை பெரிதாக இருப்பது ஒரு பக்கம். ஒன்றாம் தேதியோ பத்தாம் தேதியோ, சொன்ன நாளில் வருவது இன்னொரு பக்கம். 1,200 ரூபாயை நம்பி பால்காரருக்கும் மளிகைக் கடைக்கும் கணக்கு வைத்திருப்பவருக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

'மகன் இருக்காருல்ல?'

விண்ணப்பம் இ-சேவை மையத்தில் பதிவாகிறது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று விசாரணை போய், கடைசியில் தாலுகா அலுவலகத்தில் இருக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்ட தனி வட்டாட்சியரிடம் வந்து நிற்கிறது. தேனி மாவட்டத்தில் தேனி, பெரியகுளம், ஆண்டிபட்டி, உத்தமபாளையம், போடிநாயக்கனூர் என ஐந்து தாலுகாக்கள். கம்பம், கூடலூர், சின்னமனூர் மக்கள் எல்லோரும் உத்தமபாளையத்துக்குத்தான் போக வேண்டும்.

60 வயது, வறுமை, ஆதரவில்லாத நிலை, குறிப்பிட்ட மதிப்புக்கு மேல் அசையாச் சொத்து இல்லாமை... இவைதான் அடிப்படைத் தகுதிகள். இதில் சிக்கல் 'ஆதரவில்லாத' என்ற சொல்லில் இருக்கிறது. மகன் இருக்கிறார், ஆனால் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். மகள் இருக்கிறார், ஆனால் அவரே தினமும் விடியும் முன் ஜீப் ஏறி கேரளாவுக்கு காய் எடுக்கப் போகிறார். இவர்களின் தாய் ஆதரவு உள்ளவரா, இல்லாதவரா? காகிதத்தில் பார்த்தால் உள்ளவர். மதியம் இரண்டு மணிக்கு வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் இல்லாதவர்.

இந்தப் பள்ளத்தாக்குக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. 30, 40 வருடம் உழைத்தது கேரளத் தோட்டத்தில். வயதாகி உட்கார்ந்தது தமிழ்நாட்டில். சிலருக்கு இது நேர்மாறு. குடும்ப அட்டை ஒரு பக்கம், பேரப்பிள்ளைகள் ஒரு பக்கம். ஓய்வூதியமோ ஒரு மாநிலத்தில் மட்டும்தான் வாங்க முடியும். முகவரியை மாற்றும் இடைவெளியில் அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் மாதங்கள் ஓடிவிடும். பணி செய்த தோட்டம் பெரிய எஸ்டேட்டாக இருந்து, வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம் இருந்திருந்தால் தனி. சிறு தோட்டத்தில் தினக்கூலிக்குப் போனவருக்கு அன்றன்றைய கூலியோடு கணக்கு முடிந்தது.

மகளிர் உரிமைத் தொகை பற்றியும் இங்கே குழப்பம் அதிகம். முதியோர் ஓய்வூதியம் வாங்கும் பெண் அந்த 1,000 ரூபாயையும் சேர்த்து வாங்க முடியாது. ஆனால் அதே வீட்டில் இருக்கும் தகுதியான வேறொரு பெண் விண்ணப்பிக்கலாம். மாமியாருக்கு ஓ.ஏ.பி. வருவதால் மருமகளுக்கு உரிமைத் தொகை கிடைக்காது என்று யாராவது சொன்னால் அது தவறு. 2023-ல் முதலில் அப்படி ஒரு விதி இருந்தது, அதே ஆண்டு தளர்த்தப்பட்டுவிட்டது.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: ஓ.ஏ.பி. வாங்குபவருக்குப் பணம் மட்டும் அல்ல. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி அல்லது சேலை உண்டு. மாதம் 4 கிலோ அரிசி உண்டு. மையத்தில் மதிய உணவு சாப்பிடுபவராக இருந்தால் 2 கிலோ. ஆம், ஓய்வூதியம் வாங்கும் முதியவர் மதிய உணவு மையத்தில் சாப்பிடலாம். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1983-ல் வந்த ஏற்பாடு இது. இன்று எத்தனை பேர் தட்டோடு அங்கே போகிறார்கள் என்பதை உங்கள் ஊர் மையத்தில் எட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். குழந்தைகள் வரிசையில் போய் நிற்கக் கூச்சம் ஒரு காரணம். இப்படி ஒன்று இருப்பதே தெரியாதது அதைவிடப் பெரிய காரணம்.

பணத்தை விடப் பெரிய பிரச்னை: கூட வர ஆள் இல்லை

தேனியை வரைபடத்தில் பார்த்தால் புரியும். மூன்று பக்கம் மலை, நடுவே நீளமாக ஒரு பள்ளத்தாக்கு. மாவட்டத்தின் மிகப் பெரிய அரசு மருத்துவமனையான தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் இருக்கிறது. கம்பத்தில் இருந்து சுமார் 50 கிலோமீட்டர். கூடலூர்க்காரருக்கு இன்னும் அதிகம். மாவட்டத் தலைமை மருத்துவமனை பெரியகுளத்தில், அதுவும் வடக்கு மூலையில். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி எல்லாவற்றிலும் அரசு மருத்துவமனைகள் உண்டுதான். ஆனால் ஸ்கேன், நரம்பியல், எலும்பு அறுவை சிகிச்சை என்று வந்தால் 'க.விலக்குக்குப் போங்க' என்பதுதான் வழக்கம்.

அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். போய் வர? பெண்களுக்கு 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. இது பாட்டிகளுக்கு உண்மையிலேயே பெரிய விடுதலை. தாத்தாக்களுக்கு அது கிடையாது. 60 வயதானவர்களுக்கு மாதம் 10 இலவசப் பயண டோக்கன் என்ற திட்டம் சென்னை மாநகரப் பேருந்துகளுக்கானது. ரயிலிலும் இதே கதை. மதுரை - போடி பாதை அகலப்படுத்தும் வேலைக்காக 2011-ல் மூடப்பட்டு, தேனி வரை 2022 மே மாதமும் போடி வரை 2023 ஜூனிலும் ரயில் திரும்ப ஓடியது. ஆனால் மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகையை ரயில்வே 2020 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டது. ரயில் வந்தபோது சலுகை இல்லை. சலுகை இருந்த காலத்தின் கடைசி ஒன்பது வருடம் ரயில் இல்லை. கம்பம் பக்கம் இருப்பவர்களுக்கு ரயிலே இன்னும் இல்லை, அது வேறு விஷயம்.

டிக்கெட் காசைக்கூடப் புரட்டிவிடலாம். சர்க்கரை நோயும் மூட்டு வலியும் மங்கிய கண்ணும் உள்ள 75 வயது மனிதர், தேனி பேருந்து நிலையத்தில் பஸ் மாறி, மருத்துவமனையில் சீட்டு வாங்கி, எந்தப் பிளாக் என்று கண்டுபிடித்து, ரத்தம் கொடுத்து, ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டும். ஒருவர் கூடப் போனால்தான் முடியும். கூடப் போகிறவருக்கு அன்றைய கூலி போச்சு. மருத்துவமனை இலவசம் என்றாலும் குடும்பத்துக்கு ஒரு நாள் வருமானம் செலவு. 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம்பா' என்று பெரியவரே சொல்லிவிடுவது இதனால்தான்.

இதற்கு நல்ல மாற்று உதாரணம் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது: கண்புரை அறுவை சிகிச்சை. மதுரையில் 1976-ல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 1985-ல் தேனியில் கிளை திறந்தது. கண் முகாம் எப்படி நடக்கும் என்று கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். ஊருக்குள் பள்ளிக்கூடத்திலோ மண்டபத்திலோ பரிசோதனை. புரை இருக்கிறவர்களை அன்றே பஸ்ஸில் ஏற்றி அழைத்துப் போவார்கள். ஆபரேஷன், லென்ஸ், சாப்பாடு, தங்கல் முடிந்து திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். கூட ஆள் வர வேண்டிய அவசியம் இல்லை. அறுவை சிகிச்சை இலவசம் என்பதால் மட்டும் இது வெற்றி பெறவில்லை. வீட்டு வாசலில் இருந்து திரும்ப வீட்டு வாசல் வரை யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இங்கே பதில் இருந்தது. காது கேட்காமைக்கோ, பல்லுக்கோ, மறதி நோய்க்கோ அப்படி ஒரு பஸ் இந்தப் பள்ளத்தாக்கில் வருவதில்லை.

மலைக் கிராமங்களின் நிலை இன்னும் கடினம். வெள்ளகவி ஊராட்சியைச் சேர்ந்த சின்னூர், பெரியூர் கிராமங்கள் நிர்வாகக் கணக்கில் திண்டுக்கல் மாவட்டம். ஆனால் நோயாளியைத் தூக்கிக்கொண்டு இறங்குவது பெரியகுளம் பக்கம். டோலி கட்டி, காட்டு வழியில், ஆறு தாண்டி. மழைக்காலத்தில் அதுவும் முடியாது. அங்கே மூத்தவர்களுக்கு எந்தத் திட்டத்தை அறிவித்தாலும் முதலில் வேண்டியது பாதை.

வீட்டுக்கே வரும் திட்டங்கள்: மருந்தும் ரேஷனும்

இந்தப் 'போய் வரும்' சிக்கலைப் புரிந்துகொண்ட திட்டங்கள் இரண்டு. ஒன்று, 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மாத்திரைகளைப் பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு நோய் ஆதரவு சிகிச்சை, பக்கவாதம் வந்தவருக்கு இயன்முறை சிகிச்சை, சிறுநீரகம் பாதித்தவருக்கு டயாலிசிஸ் பை ஆகியவையும் உண்டு. 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது.

இதில் மாத்திரை வருவது போல இயன்முறை சிகிச்சை அடிக்கடி வர முடியாது. மாத்திரை கொடுப்பவர் அந்த ஊர்க்காரர், நடந்தே வந்துவிடுவார். இயன்முறை சிகிச்சையாளர் வட்டாரம் முழுக்கச் சுற்ற வேண்டியவர். பக்கவாதம் வந்த முதல் சில மாதங்களில் தொடர்ந்து பயிற்சி கொடுத்தால்தான் கை கால் அசைவு திரும்பும். ஆகவே உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால், அவர் வரும் நாளில் பயிற்சிகளைக் கேட்டுக் கற்றுக்கொண்டு மற்ற நாட்களில் வீட்டில் உள்ளவர்கள் செய்ய வைப்பது அவசியம்.

இரண்டாவது, 2025 ஆகஸ்ட் 12-ல் தொடங்கிய முதலமைச்சரின் தாயுமானவர் திட்டம். மாதந்தோறும் ரேஷன் பொருட்கள் எடை இயந்திரத்தோடு வண்டியில் வீட்டுக்கு வரும். தொடக்க விதிப்படி, 70 வயது தாண்டியவர்கள் மட்டுமே உள்ள அட்டைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இது பொருந்தியது. 'மட்டுமே' என்பதைக் கவனியுங்கள். திருப்பூரில் இருக்கும் மகன் பெயர் அட்டையில் இருந்தால், வீட்டில் தாத்தா பாட்டி தனியாகவே இருந்தாலும் பட்டியலில் வர மாட்டார்கள். மகன் வேறு ஊரிலேயே குடியேறிவிட்டார் என்றால் பெயரைப் பிரித்துத் தனி அட்டை வாங்குவது இரு தரப்புக்கும் நல்லது.

பட்டியலில் இல்லாத முதியவர்களுக்கும் ஒரு வழி உண்டு. கடைக்குப் போக முடியாதவர், தன் சார்பில் பொருள் வாங்க ஒருவரை நியமிக்கும் அங்கீகாரப் படிவத்தைக் கொடுக்கலாம். காலம் முழுக்க மண்வெட்டி பிடித்த விரல்களில் ரேகை தேய்ந்துபோய் இயந்திரம் ஏற்கவில்லை என்றால், கருவிழி மூலம் பதிவு செய்யும் வசதியைக் கேட்கலாம். 'ரேகை விழலை, நாளைக்கு வாங்க' என்பது பதில் அல்ல.

பகலில் யார்?

தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2011 கணக்கெடுப்பில் 10.4 சதவீதம். 2021-க்கான மதிப்பீடு 13.6. 2031-ல் 18.2 ஆகும் என்கிறது மத்திய அரசு நியமித்த மக்கள்தொகை கணிப்புக் குழு. கேரளா நம்மைவிட ஒரு படி முன்னால்: 2031-ல் 20.9. அதனால்தான் அங்கே உள்ளாட்சிகள் நடத்தும் 'பகல் வீடு'களும், 2025-ல் சட்டம் போட்டு அமைத்த முதியோர் ஆணையமும் வந்துவிட்டன. நாட்டிலேயே அப்படி ஓர் ஆணையம் அதுதான் முதல்.

தமிழ்நாடும் 2025 நவம்பரில் 'அன்புச்சோலை' என்ற பெயரில் முதியோருக்கான பகல்நேர மையங்களைத் திறந்தது. முதல் கட்டத்தில் 25 மையங்கள், பெரும்பாலும் மாநகராட்சிகளில். காலையில் வந்து, மதியம் சாப்பிட்டு, பேசி, விளையாடி, சாயங்காலம் வீடு திரும்பலாம். வேலைக்குப் போகும் பிள்ளைகள் உள்ள நகரக் குடும்பங்களை மனதில் வைத்துப் போட்ட திட்டம்.

ஆனால் பகலில் வீடு காலியாவது நகரத்தில் மட்டுமா? கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஜீப் புறப்படும் ஊர்களில் காலை ஏழு மணிக்குத் தெருவைப் பாருங்கள். நடுத்தர வயதினர் மலையில். பிள்ளைகள் பள்ளியில். வீட்டில் இருப்பது 70-ம் 80-ம்தான். விழுந்தால் தூக்க ஆள் சாயங்காலம்தான் வருவார். கோடையில் ஒரு சொம்பு தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் அடுத்த வீட்டில் இன்னொரு முதியவர்தான் இருப்பார். பகல்நேர மையம் அதிகம் தேவைப்படுவது இங்கேதான்.

புதுக் கட்டடம் கட்டித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றும் இல்லை. மதிய உணவு மையத்தில் சமையல் ஏற்கெனவே நடக்கிறது. முதியவர் அங்கே சாப்பிடலாம் என்ற அரசாணை ஏற்கெனவே இருக்கிறது. ஊராட்சியில் சமுதாயக் கூடம் பெரும்பாலான நாள் பூட்டியே கிடக்கிறது. ஊர் மந்தையில் ஆலமரத்தடியில் பெரியவர்கள் கூடுவது நூறு வருடப் பழக்கம். குறைவது, காலையில் கதவைத் திறந்து யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்க்கும் சம்பளம் வாங்கும் ஓர் ஆள். இரண்டு நாளாக வராதவர் வீட்டுக் கதவை அவர் போய்த் தட்ட வேண்டும்.

சொத்தை எழுதிக் கொடுத்த பிறகு?

இந்தப் பள்ளத்தாக்கில் நிலத்துக்கு மதிப்பு உண்டு. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளையும் வயல், தென்னந்தோப்பு, திராட்சைத் தோட்டம். ஆகவே 'தான செட்டில்மென்ட்' எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முகம் பார்த்து நிற்கும் பெற்றோர் கதை இங்கே புதிதல்ல.

2007-ம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் இதற்காகவே வந்தது. வருவாய் கோட்டாட்சியர்தான் தீர்ப்பாயத்தின் தலைவர். கம்பம், போடி பக்கம் என்றால் உத்தமபாளையம் கோட்டாட்சியர் அலுவலகம். பெரியகுளம், தேனி, ஆண்டிபட்டி என்றால் பெரியகுளம். வக்கீல் வைக்கத் தேவையில்லை. வெள்ளைத் தாளில் மனு போதும். தானே போக முடியாதவர் வேறொருவருக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ அதிகாரம் கொடுத்து மனு போடலாம். 90 நாளில் முடிக்க வேண்டும், தேவைப்பட்டால் இன்னும் 30 நாள். பராமரிப்புத் தொகை அதிகபட்சம் மாதம் 10,000 ரூபாய். பிள்ளை இல்லாதவர், தன் சொத்துக்கு வாரிசாக வரக்கூடிய உறவினரிடமும் கேட்கலாம்.

இதே சட்டத்தின் 19-ம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 ஏழை முதியவர்கள் தங்கும் அளவில் இல்லம் பற்றிப் பேசுகிறது. ஆனால் 'அமைக்க வேண்டும்' என்று இல்லாமல் 'அமைக்கலாம்' என்று எழுதிவிட்டார்கள். அந்த 'லாம்' போதும், அரசுகள் தள்ளிப்போட.

23-ம் பிரிவுதான் சொத்து பற்றியது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பார்த்துக்கொள்ளவில்லை என்றால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யலாம். சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எழுதிய பத்திரங்களுக்கு மட்டும்தான் இது. பத்திரத்தில் நிபந்தனை வெளிப்படையாக இல்லாவிட்டால்? 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், இந்தச் சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், நாகப்பட்டினம் மாவட்ட வழக்கு ஒன்றில், அன்பினால் எழுதிக் கொடுத்தேன் என்பதிலேயே பார்த்துக்கொள்வார் என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று தீர்ப்பளித்தது.

காற்று முதியவர்கள் பக்கம் வீசுகிறது என்றாலும் ஒவ்வொரு வழக்கும் தீர்ப்பாயம், மேல்முறையீடு, உயர் நீதிமன்றம் என்று ஏற வேண்டியிருக்கிறது. 80 வயதில் அந்தப் படிக்கட்டு நீளம்.

அவசரத்துக்கு 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. காலை 8 முதல் இரவு 8 வரை, கட்டணம் இல்லை. ஓய்வூதியம், பராமரிப்பு, கொடுமை, கைவிடப்பட்டவர் மீட்பு எதற்கும் பேசலாம். ஓ.ஏ.பி. மனு நிராகரிக்கப்பட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் நிராகரிப்புக் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கலாம்.

சொத்து எழுதிக் கொடுக்கும் முடிவில் இருப்பவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் முன்பே பத்திரம் எழுதுபவரிடம் ஒன்றைச் சொல்லிவிடலாம்: 'என் ஆயுள் வரை உணவு, இருப்பிடம், மருத்துவம் பார்த்துக்கொள்ள வேண்டும், தவறினால் இந்தப் பத்திரம் ரத்தாகும்' என்ற வரி பத்திரத்தில் இருக்க வேண்டும். அதைச் சேர்ப்பதற்காகப் பதிவுக் கட்டணம் ஒரு ரூபாய்கூட ஏறாது.